வியட்நாமில் பத்து நாள்: உள்நாட்டு விமானங்களும் ஒருநாள் பயணங்களும் – என் வரிசை சரிதானா?

காவிரிக்கரை (திருச்சி), 2025 நவம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்குப் பீமரத சாந்தி நல்லபடியாக முடிந்தது. உள்ளூர்க் கோயில்களைப் பார்த்தது போதும், கடல் கடந்து ஒரு முறை போய் வரவேண்டும் என்று அவரே வாய்விட்டுக் கேட்டதால், நானும் என் கணவரும் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு வியட்நாம் செல்கிறோம். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானத்தில் போகவரச் சீட்டு எடுத்தாயிற்று. 2026 ஜனவரி 30 வெள்ளிக்கிழமை காலை அங்கே இறங்குகிறோம். பிப்ரவரி 9 திங்கள் இரவு அங்கிருந்தே திரும்புகிறோம். உள்ளே சுற்றுவதற்கான விமானங்களை இன்னும் பதிவு செய்யவில்லை.

நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. இறங்கிய அன்றே பகல் 11 மணி விமானத்தில் ஹனோய் சென்று, மூன்று இரவு தங்கி, ஹா லாங் விரிகுடாவுக்கு ஒரு நாளும் நின் பின்னுக்கு ஒரு நாளும் போய்வர வேண்டும். பிப்ரவரி 2 விடிகாலை 5.40 விமானத்தில் டா நாங் இறங்கி, அன்றே பா நா மலையையும் பார்த்துவிட்டு, அடுத்தடுத்த நாள்களில் ஹோய் ஆன், மீ சான், ஹுவே மூன்றுக்கும் டா நாங்கிலிருந்தே போய்த் திரும்ப வேண்டும். 8ஆம் தேதி இரவுக் கடைசி விமானத்தில் ஹோ சி மின் நகருக்கு வந்து, மறுநாள் பகலில் போர்க்காலத்துக் கூ சி சுரங்கங்களை முடித்துக்கொண்டு இரவு ஊருக்கு விமானம் ஏறலாம் என்று நினைக்கிறேன்.

விடிகாலை விமானம் பகல் விமானத்தைவிட ஆளுக்கு ஏறத்தாழ 400 ரூபாய் குறைவு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். மாமியாருக்கு வயது 66, மூட்டுவலி உண்டு; நால்வரும் சைவம். சீட்டை இப்போதே எடுப்பதா, பொறுத்திருந்தால் விலை இறங்குமா, 7 கிலோ கைப்பையோடு சமாளிக்க முடியுமா, ஒருநாள் பயணங்களுக்குக் குழு வேனில் போவதா, தனி வண்டி எடுப்பதா என்பவை என் ஐயங்கள். போய் வந்தவர்கள் இந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை என்று தயங்காமல் சொல்லுங்கள்.


பயணப்பை (கோவை), நவம்பர் 14

சகோதரிக்கு வணக்கம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாம் முறை என் தாயாரோடு. தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்: நீங்கள் விமானங்களை முதலில் நிறுத்திவிட்டு, மிஞ்சிய இடைவெளிகளில் ஊர்களைத் திணித்திருக்கிறீர்கள். எந்த ஊரில் எத்தனை இரவு படுப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த நேரத்து விமானம் மலிவு என்ற கேள்விக்கு வேறு விடை வந்துவிடும்.

ஹனோயிலிருந்து டா நாங்குக்கு வானில் இருப்பது ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ஹனோய் பழைய நகரிலிருந்து நோய் பாய் விமான நிலையம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வண்டியில் போகும். பெரியவர்களோடு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். விடுதிக் கதவிலிருந்து விடுதிக் கதவு வரை எண்ணினால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. எனவே ஒரு விமானம் என்பது அரை நாள் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளில் பா நா போன்ற மலைப் பயணத்தைச் சேர்க்காதீர்கள்.

5.40 விமானத்தின் கதையைக் கேளுங்கள். நானும் அதே ஆசையில் எடுத்தேன். இரவு இரண்டே முக்காலுக்குக் கீழே இறங்கி வந்தால் விடுதியின் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. பழைய நகரத்துச் சிறு விடுதிகளில் இரவானால் மோட்டார் பைக்குகளை உள்ளே ஏற்றி வரவேற்பறையிலேயே நிறுத்திவிடுவார்கள். மேசைக்குப் பின்னால் மடக்குக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பி, ஏழு பைக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஷட்டரை இடுப்பளவு தூக்கி, என் தாயார் குனிந்து வெளியே வருவதற்குள் இருபது நிமிடம் போயிற்று. அந்தப் பையன் முகம் சுளிக்காமல் நான்கு ரொட்டித் துண்டும் இரண்டு வாழைப்பழமும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்கு டா நாங் விடுதி வாசலில் நின்றோம். அறை பகல் இரண்டு மணிக்குத்தான் தயாராகும் என்றார்கள். அம்மா ஆறு மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு மிச்சமாவது நால்வருக்குமாக 1,600 ரூபாய். அதற்குப் பதிலாக ஒரு இரவுத் தூக்கம், வாடகையிலேயே அடங்கிய காலை உணவு, ஒரு முழுப் பகல் ஆகியவற்றை இழப்பீர்கள். பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் புறப்படும் விமானமே பெரியவர்களுக்கு உகந்தது.

அடுத்து, 30ஆம் தேதி 11 மணி விமானம். இதுதான் உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை. திருச்சிச் சீட்டும் ஹனோய்ச் சீட்டும் தனித்தனியாக எடுக்கப்பட்டவை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தாலும், ஒரே பதிவில் இல்லாவிட்டால் நிலைமை அதுவே. ஹோ சி மின் நகரின் டான் சோன் ஞாட் விமான நிலையத்தில் குடிவரவு வரிசை சில காலைகளில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அதன் பிறகு பெட்டி எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குப் போக வேண்டும். அங்கே கவனிக்க ஒன்று உண்டு: முதல் முனையம் பன்னாட்டு முனையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்து போய்விடலாம்; 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட மூன்றாம் முனையமும் உள்நாட்டுக்குத்தான், ஆனால் அதற்கு வண்டி பிடித்துச் சுற்றிப் போக வேண்டும். சீட்டில் எந்த முனையம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், முதல் நாள் விமானமே வேண்டாம். இரவெல்லாம் விழித்து வந்த பெரியவர்கள் அன்று ஹோ சி மின் நகரிலேயே படுத்து எழட்டும்.

அதே காரணத்தால் 8ஆம் தேதி இரவுக் கடைசி விமானமும் கூடாது. உள்நாட்டு நிறுவனங்கள் புறப்படும் நேரத்தை இரண்டு, மூன்று மணி நேரம் தள்ளி வைத்து ஒரு மின்னஞ்சலோடு முடித்துக்கொள்வது அங்கே சாதாரணம். கடைசி விமானம் தள்ளிப் போனால் அதற்குப் பின் வேறு விமானமே இல்லை. எனக்கு ஒரு முறை இரவு ஒன்பதரை மணி விமானம் நள்ளிரவு தாண்டிப் போயிற்று. மறுநாள் பயணம் முழுவதும் கெட்டது.

ஊர்களைப் பொறுத்தவரை, ஹோய் ஆனை ஒருநாள் பயணமாக வைக்காதீர்கள், அங்கேயே தங்குங்கள். டா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டர்தான். அதற்கென்று விமான நிலையமும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. குழு வேன்கள் பகலில் கொண்டுவந்து இறக்கி, விளக்கேற்றி ஊர் அழகு பெறும் வேளையில் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடும். மீ சானும் ஹோய் ஆனிலிருந்துதான் பக்கம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

மீ சான் (மை சன் என்றும் எழுதுகிறார்கள்) உங்கள் மாமனாருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியை ஆண்ட சாம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிய சிவன் கோயில்கள் அவை. பத்ரவர்மன் என்ற அரசன் நிறுவிய லிங்கத்துக்குப் பத்ரேஸ்வரர் என்று பெயர். சமஸ்கிருதக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் உட்படப் பல இடிந்துபோயின. இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் சில ஆண்டுகள் அங்கே சீரமைப்புப் பணி செய்தது; 2020இல் அந்தப் பணியின்போதுதான் ஒரே கல்லாலான 9ஆம் நூற்றாண்டு லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து தெரியாத அந்தச் சுவரை மாமனார் தொட்டுப் பார்க்க விரும்புவார்; தொடவிட மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நுழைவாயிலிலிருந்து உள்ளே கொண்டுபோய் விட மின்வண்டி உண்டு. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டம் வருவதற்கு முன் பார்த்துவிடலாம்.

நான்கு பேர் என்பதால் தனி வண்டியே சரி. குழு வேன் தலைக்கு மலிவுதான். ஆனால் நான்கால் பெருக்கினால் வித்தியாசம் சுருங்கிவிடும். வேனில் முதலில் ஏறுபவர் ஒரு மணி நேரம் மற்றவர்களுக்காக விடுதி விடுதியாகச் சுற்ற வேண்டும், நடுவில் முத்துக்கடை, பட்டுக்கடை என்று நிறுத்துவார்கள், மதியச் சாப்பாடும் அவர்கள் வைத்ததுதான்.


சைகோன்பேரன் (காரைக்குடி), நவம்பர் 15

என் பாட்டனார் சைகோனில் செட்டியார் கடையொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஹோ சி மின் நகரம் என்று சொன்னதில்லை என்பதால், நானும் சைகோன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

பயணப்பை சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விலை பற்றிய உங்கள் கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. அதில்தான் உங்கள் தேதிகள் சிக்கலானவை. அவர்களுடைய புத்தாண்டான டெட் 2026இல் பிப்ரவரி 17 அன்று வருகிறது. நமக்குத் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சைகோனிலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் வேலை செய்யும் வடக்கத்தியர்களும் நடுநாட்டவர்களும் டெட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஊர் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே சைகோனிலிருந்து ஹனோய்க்கும் டா நாங்குக்கும் போகும் விமானங்கள் நிரம்பி, விலை ஏறிவிடும். அதே விமானங்கள் தெற்கே திரும்பும்போது காலியாக வரும் என்பதால், அந்தத் திசையில் நிறுவனங்களே விலையைக் குறைத்து ஆள் தேடும். டெட் முடிந்ததும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

இதை உங்கள் பயணத்தில் பொருத்திப் பாருங்கள். வடக்கே போகும் சீட்டுகளை இன்றைக்கே எடுங்கள். பொறுத்தால் ஏறுமே தவிர இறங்காது. முடிந்தவரை பிப்ரவரி முதல் வாரத்தின் முற்பகுதிக்குள் வடக்கே போய்விட வேண்டும். பிப்ரவரி 7, 8 வாக்கில் ஹனோயிலிருந்து சைகோன் திரும்பும் சீட்டுக்கு மட்டும் அவசரமில்லை, டிசம்பர் இறுதிவரைகூடப் பொறுக்கலாம். அதாவது, நீங்கள் போட்ட வரிசையைவிட, சைகோனிலிருந்து டா நாங், அங்கிருந்து ஹனோய், கடைசியில் ஹனோயிலிருந்து ஒரே தாவலாகச் சைகோன் என்ற வரிசை நல்லது. நீண்ட தூரம், இரண்டு மணி பத்து நிமிடம் பறக்கும் அந்தக் கடைசிச் சீட்டு, காலியான திசையில் அமைந்துவிடும்.

பூஜ்ய டாங், 9,000 டாங் (டாங் என்பது அவர்கள் நாணயம்) என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அடிப்படைக் கட்டணம் மட்டுமே. வரி, விமான நிலையக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கடைசித் திரையில் வருவதுதான் விலை. அந்தத் திரையில்கூட நம் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் இருக்காது. ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, டாங்கிலேயே செலுத்துங்கள். அவர்கள் போடும் ரூபாய் மாற்று விகிதம் நமக்கு நட்டம்.

இன்னொன்று, பெயர். இது தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. பெரியவர்களின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறதா, தந்தை பெயரோ கணவர் பெயரோ அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வியட்நாமியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுகிறவர்கள். அவர்களுடைய படிவங்களில் முதற்கட்டமே அதுவாக இருக்கும், அவசரத்தில் மாற்றி எழுதிவிடுவோம். மின்விசாவில் கடவுச்சீட்டில் உள்ளது உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். உள்நாட்டுச் சீட்டில், திருச்சிச் சீட்டில் எப்படிப் பதிந்தீர்களோ அப்படியே பதியுங்கள். வெளிநாட்டவர் உள்நாட்டு விமானத்துக்கும் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்பதால், விடுதியில் பதிவுக்காக வாங்கி வைத்ததைத் திரும்பப் பெறாமல் கிளம்பிவிடாதீர்கள்.

மின்விசாவை அரசின் தளத்தில் நேரே எடுத்தால் ஒரு நுழைவுக்கு 25 டாலர், பல நுழைவுக்கு 50 டாலர். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். நடுவில் கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்ற யோசனை எழுந்தால் பல நுழைவு விசா இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது. எழாது என்று நம்புகிறேன்.


மலைக்கோட்டைவாசி (திருச்சி), நவம்பர் 15

நான் மாறுபடுகிறேன். பத்து நாளில், 70 வயதுப் பெரியவர்களோடு, மூன்று உள்நாட்டு விமானங்கள் எதற்கு? ஹனோயை முழுவதுமாக விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் ஹனோய் குளிரும் தூறலுமாக இருக்கும், காற்று மாசும் அந்த மாதங்களில்தான் அதிகம். ஹா லாங் ஒருநாள் பயணம் என்பது வண்டியில் ஐந்து மணி, படகில் நான்கு மணி. பனிமூட்டமாக இருந்தால் 1,600 தீவுகளில் பத்தைக்கூடப் பார்க்க முடியாது. எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. டா நாங்குக்குப் போகவர இரண்டே விமானம், மீதி நாளெல்லாம் நிம்மதி.


காவிரிக்கரை, நவம்பர் 16

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஷட்டர் கதையைக் கேட்டதும் மாமியார், 400 ரூபாயை நான் தருகிறேன், பகல் விமானமே எடு என்று சொல்லிவிட்டார். ஹனோயை விடுவதற்கு மட்டும் மாமனார் ஒப்பவில்லை. ஹோ சி மின் நினைவு மாளிகையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய இளமைக்கால ஆசையாம். வியட்நாம் போர்ச் செய்திகளை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை.

மாமியாருக்கு ஒரு குறை. பிப்ரவரி 1 தைப்பூசம். எந்த ஆண்டும் அன்று முருகனைக் கும்பிடாமல் இருந்ததில்லை. சைகோனில் முருகன் கோயில் இருக்கிறதா? இருந்தால் அன்றுவரை அங்கேயே தங்கிவிடலாமா, அல்லது வரிசை குலையுமா? சைவச் சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.


சைகோன்பேரன், நவம்பர் 16

இருக்கிறது. டோன் தட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, நகரின் நடுப்பகுதிதான். ட்ரூவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே நம்மவர்களைவிட வியட்நாமியர்கள்தான் கூட்டம் கூட்டமாக வந்து ஊதுபத்தி ஏற்றி, சுவரில் முகம் வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்வார்கள். மாமியார் அதைக் கண்டால் அங்கிருந்து நகர மாட்டார்.

இருந்தாலும் தைப்பூசத்துக்காகச் சைகோனில் காத்திருக்க வேண்டாம் என்பேன். 30ஆம் தேதி மாலை தூங்கி எழுந்ததும் தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிடுங்கள். அதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. நமக்குத் தைப்பூசம் என்றால் நிலவு நிறையும் வேளை. ஹோய் ஆனில் ஒவ்வொரு சந்திர மாதமும் 14ஆம் நாள் இரவு பழைய நகரத்தில் மின்விளக்குகளைக் குறைத்து, காகித விளக்குகளை ஏற்றி ஆற்றில் விடுவார்கள். அவர்கள் பஞ்சாங்கப்படி அந்த 14ஆம் நாள் பிப்ரவரி 1 அன்றே வருகிறது. காலையில் மீ சானில் சிவன், மாலையில் ஆற்றில் விளக்கு. இதைவிடப் பொருத்தமாகத் தைப்பூசம் அமையுமா என்று மாமியாரையே கேளுங்கள்.


பயணப்பை, நவம்பர் 16

பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவருக்கு நன்றி. சைவச் சாப்பாட்டுக்கும் அது உதவும். அங்கே சைவத்துக்குச் சாய் என்று பெயர். சாய் என்று பலகை போட்ட கடைகளில் மட்டும் நம்பிச் சாப்பிடலாம். மற்ற கடைகளில் காய்கறி என்று கேட்டாலும் மீனை நொதிக்கவைத்து எடுக்கும் சாறான நுவோக் மாம் ஊற்றியிருப்பார்கள். அதை அவர்கள் இறைச்சியாகவே கருதுவதில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் பௌத்தர்கள் பலரும் சாய் உண்பார்கள். பிப்ரவரி 2 அப்படிப்பட்ட நாள் என்பதால் ஹோய் ஆனில் அன்று அலைய வேண்டியிராது.

அப்படியானால் வரிசை இப்படி அமையும். ஜனவரி 30 சைகோனில் ஓய்வு. 31 பகலில் டா நாங் விமானம், இறங்கியதும் நேராக ஹோய் ஆன். பிப்ரவரி 1 மீ சானும் விளக்குகளும். 2ஆம் தேதி எங்கும் போகாமல் ஊரிலேயே நடந்து திரிந்துவிட்டு மாலையில் டா நாங் வந்து தங்குங்கள், ஏனென்றால் 3ஆம் தேதி ஹுவே. ஹோய் ஆனிலிருந்து கிளம்பினால் போகவர மேலும் ஒன்றரை மணி நேரம் கூடும். ஹுவேக்குப் போகும்போது ரயில் நல்லது. 2005இல் திறந்த சுரங்கச் சாலை ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலைக்கு அடியில் போய்விடுவதால் கடல் கண்ணில் படாது. ரயிலோ ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலோரமாகவே ஊர்ந்து போகும், இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். திரும்பும்போது வண்டி பிடித்துக் கணவாய் வழியாக வாருங்கள். ஹுவே அரண்மனையில் நடை அதிகம், மாமியாருக்கு மின்வண்டி கிடைக்குமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சென்ற மாத இறுதியில் ஹுவேயும் ஹோய் ஆனும் பெருவெள்ளத்தில் மூழ்கின என்ற செய்தி பார்த்திருப்பீர்கள். அங்கே அக்டோபர், நவம்பர்தான் வெள்ளக்காலம், பிப்ரவரியில் அந்தப் பயம் இல்லை.

4ஆம் தேதி பகல் விமானத்தில் ஹனோய். மாளிகையை 5ஆம் தேதி வியாழன் காலையிலேயே பார்த்துவிடுங்கள். காலையில் மட்டும்தான் திறப்பார்கள், திங்களும் வெள்ளியும் விடுமுறை. இதைக் கவனிக்காமல் வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தால் மாமனாரின் ஆசை வாசலோடு நின்றிருக்கும். 6ஆம் தேதி ஒருநாள் பயணம் ஒன்றே ஒன்று: ஹா லாங்கா, நின் பின்னா? மலைக்கோட்டைவாசி சொன்னது சரியே, பனிமூட்டத்தில் ஹா லாங் ஏமாற்றும். வானிலை கெட்டால் படகுகளையே நிறுத்திவிடுவார்கள். இந்த ஜூலையில் திடீர்ப் புயற்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்த பிறகு யாரும் துணிவதில்லை, துணியவும் கூடாது. நின் பின் 95 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுண்ணாம்புக்கல் மலைகள் அங்கேயும் அவைதாம், கடலுக்குப் பதில் ஆறும் வயலும். அங்குள்ள தாம் கோக்கில் பெண்கள் காலால் துடுப்புப் போடுவதை மாமியார் ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருப்பார். படகில் சாய்மானம் இருக்காது. ஒரு சிறு தலையணை கொண்டுபோங்கள். மூவா குகையின் 500 படிகள் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

7ஆம் தேதி பகலில் சைகோன். 8, 9 இரண்டும் கையில் இருக்கும். விமானம் தள்ளிப்போனாலும் நடுங்க வேண்டியதில்லை. கூ சி சுரங்கத்தில் மூட்டுவலிக்காரர் குனிந்து தவழ முடியாது, ஆண்கள் வேண்டுமானால் போய் வரட்டும். பா நா மலையின் தங்கப் பாலத்தை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதைத் தாங்குவதுபோல் 2018இல் கண்ணாடியிழையால் செய்து வைத்த இரண்டு பெரிய கைகளைப் பார்க்க ஒரு முழு நாளும் கணிசமான கட்டணமும் என்பது எனக்கு ஒவ்வவில்லை, பிடித்தவர்கள் மன்னிக்க.

கைப்பை பற்றி: 7 கிலோ என்றால் தோள்பையையும் சேர்த்து 7 கிலோ. ஏறும் வாசலருகே தராசு வைத்து நிறுப்பார்கள். திருச்சிச் சீட்டில் உள்ள 20 கிலோ உரிமை தனியாக எடுத்த உள்நாட்டுச் சீட்டுக்கு வராது. நால்வருக்கும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு பேருக்கு மட்டும் 20 கிலோ, அதையும் பதிவு செய்யும்போதே வாங்கினால் விமான நிலையத்தில் கேட்பதைவிட நன்றாகக் குறையும். எப்படியும் சைகோனுக்குத் திரும்பி வருவதால், முதல் இரவும் கடைசி இரவுகளும் ஒரே விடுதியில் எடுத்து, ஒரு பெட்டியை அங்கேயே விட்டுச் செல்லுங்கள். ஸ்வெட்டர்களை மட்டும் அதில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஹனோயில் 15 டிகிரி இருக்கும்.


காவிரிக்கரை, நவம்பர் 18

டா நாங், ஹனோய்ச் சீட்டுகள் இரண்டையும் நேற்றிரவே எடுத்துவிட்டோம். முதலாவது பகல் 12.15, இரண்டாவது 1.05. மாமியாரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் காலியாகத்தான் இருந்தது. திருச்சிச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கணவர் அதே எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். ஹனோய்–சைகோன் சீட்டை டிசம்பர் 25 வாக்கில் பார்ப்பதாக நாள்காட்டியில் குறித்திருக்கிறேன். விலை எப்படி இருந்தது என்று அப்போது இதே இடத்தில் எழுதுகிறேன், டெட் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும்.

இன்று மாலை மாமனார் பரணிலிருந்து கொக்கித் தராசை இறக்கி, பயணம் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே பைகளை நிறுத்துப் பார்த்தார். மாமியாரின் பை எட்டே கால் கிலோ. மாவடு பாட்டிலும் பருப்புப் பொடி டப்பாவும் சைகோன் பெட்டிக்கு மாறியதும் ஆறு கிலோ எண்ணூறுக்கு வந்தது.